சொல்லாமல் விட்ட மாத்திரை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் நான் கேட்பதெல்லாம் நல்ல கேள்விகள்தான். கேட்கும் குரல்தான் சரியில்லை. முன்கோபக்காரன் என்று வீட்டிலும் எனக்குப் பெயர் உண்டு.

அன்று ஒரு பெரியவர், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் செட்டு மாத்திரை வாங்கிப் போடுவதாகச் சொன்னார். எங்கள் பக்கம் அது சகஜம். நாலைந்து மாத்திரைகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும், வலி சட்டென்று நின்றுவிடும். அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டேன். "ஒடம்பு என்ன குப்பைத் தொட்டியா? கண்டதையும் போடுறீங்க!" என் சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த பெஞ்சில் இருந்துதான் அடுத்தவர் எழுந்து வந்தார். மேலூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் அம்மா, ஐம்பது வயதிருக்கும். பித்தப்பையில் கல். அடுத்த வாரம் அறுவை.

"கடை மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"அய்யய்யோ, அதெல்லாம் தொடுறதே இல்ல சார்."

முகம் உருண்டு உப்பியிருந்தது, கைகால் மெலிந்திருந்தன. பார்த்தேன், யோசிக்கவில்லை. இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

அறுவை தொடங்கிச் சிறிது நேரத்தில் அவருடைய ரத்த அழுத்தம் சரிந்தது. சலைனை வேகமாக ஏற்றினேன், அழுத்தத்தைத் தூக்கும் மருந்தையும் கொடுத்தேன். ஏறவில்லை. ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்றார் சர்ஜன். அப்போதுதான் அவர் முன்கையில் கன்றிப்போன ஊதாத் திட்டுகள் கண்ணில் பட்டன. ஸ்டீராய்டு தின்ற தோல். அந்த உப்பிய முகமும் அதனால்தான். வெளியே இருக்கும் அவர் மகளிடம் கடை மாத்திரை பற்றிக் கேட்டு வரும்படி நர்ஸை அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுவிட்டேன்.

நர்ஸ் திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "மூணு வருசமா செட்டு மாத்திரையாம் சார். போன வாரம் நீங்க அந்தப் பெரியவர வஞ்சதக் கேட்டுப் பயந்து, அன்னைக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்களாம்."

ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தனக்கு வேலையில்லை என்று தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உடனே விழிக்காது. கத்தி படும் நேரத்தில் தாக்குப்பிடிக்க உடம்புக்கு அந்தச் சுரப்பி தரும் கார்ட்டிசால் வேண்டும். அது அவரிடம் இல்லை. இத்தனைக்கும் காரணம் என் வாய்.

மெல்ல மெல்ல அழுத்தம் ஏறி நிலைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாஸ்க் இருந்ததால் மானம் தப்பியது.

மறுநாள் வார்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பொய் சொன்னது நானு. நீங்க எதுக்கு சார் மன்னிப்புக் கேக்குறீக?" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "வலி உயிர் போகுது சார். நாள் முழுக்கக் குனிஞ்சு நடணும்ல. எம்புட்டு வலின்னு யாரும் கேக்கல" என்றார்.

நானும் கேட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஸ்டீராய்டைச் சிறுகச் சிறுகக் குறைக்கப் பொதுநல மருத்துவர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். முழங்காலுக்குத் தனியாக வைத்தியம் நடந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் என்னையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். முகத்தின் உப்பல் மெல்ல வடிந்தது. பல மாதங்கள் கழித்து, காலைநேரக் கார்ட்டிசால் சோதனைச் சீட்டோடு வந்தார். சுரப்பி நன்றாகவே விழித்திருந்தது.

"இனிமே என் ஒடம்பே சுரந்துக்கிருமா சார்?"

"சுரந்துக்கிரும்மா."

முகமெல்லாம் சிரிப்பு. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "சார், ஒண்ணு சொன்னா வைய மாட்டீகளே? பக்கத்தூருல ஒருத்தர் முட்டுவலிக்கு ஒரு பொடி குடுக்குறாரு. பத்து நாளாக் குடிக்கிறேன்."

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டேன்.

"உக்காருங்கம்மா" என்றேன். "மொதல்ல வலி எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க."