சகலை தைத்த சட்டை

தையல்காரருக்கும் அவர் சகலைக்கும் ஒரே தெருவில் எதிரெதிரே தையல் கடை. மூன்று பேரைக் கொன்றவன் பிடிபட்டபோது போட்டிருந்த சட்டை சகலை தைத்தது என்று தெரிந்ததிலிருந்து, அந்தக் கடையில் ஈ நுழைய இடமில்லை. அளவெடுக்கும்போது அவன் எப்படி நின்றான், எப்படிச் சிரித்தான் என்று கேட்கவே ஊர் திரண்டது. தையல்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"உங்க அக்கா வீட்டுக்காரருக்கு வந்த வாழ்வைப் பாத்தியா?" என்று மனைவியிடம் பொருமினார்.

"கொலைகாரன் நம்ம கடைக்கு வரலைன்னு அழுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அவள்.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள், "சட்டை என்ன பெரிய சட்டை? அவன் போட்டிருந்த பேண்டைத் தச்சதே நான்தான்" என்று நாலு பேர் காதில் போட்டுவைத்தார். பேச்சு போலீஸ் காதுக்கும் போய், அவரைச் சாட்சியாகக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டது.

கூண்டில் ஏறியவரிடம் பேண்டை விரித்துக் காட்டினார்கள். ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. ஆமென்றால் தொழில் போச்சு, இல்லையென்றால் மானம் போச்சு.

"சத்தியமா இது என் தையல் இல்லீங்கய்யா!"

"அப்புறம் எதுக்கு உங்களுதுன்னு சொன்னீங்க?" என்றார் நீதிபதி.

"எல்லாரும் என் சகலை கடையிலேயே போய் நிக்கிறாங்களேய்யா!"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி கண்டித்து அனுப்பினார்.

மறுநாள் இந்தக் கூத்தைக் கேட்க ஊரே தையல்காரர் கடைக்கு வந்துவிட்டது. தலைகுனிந்து கத்தரியை எடுத்தவர் எதிரே பார்த்தார். வாசலில் தனியாக நின்ற சகலையின் முகம் கறுத்திருந்தது. வயிறு குளிர்ந்துபோய்க் கத்தரியைக் கீழே வைத்தார்.

"முதல்ல இருந்து சொல்றேன், உக்காருங்க" என்றார்.