நான் விழுங்கிய பாசிமணி

அகழாய்வுக் குழியில் மண்வெட்டி பானையில் பட்டு ‘ணங்’கென்றது. தொல்லியல் அதிகாரியான நான் மம்சாபுரத்துப் புஞ்சையில் பத்து வயதுப் பிள்ளையாகிவிட்டேன்.

அன்று கிணறு தோண்டும்போது முதுமக்கள் தாழி ஒன்று தென்பட்டது. உள்ளே தங்கம்தான் என்று அப்பாவும் சித்தப்பாவும் கட்டிப் புரண்டார்கள். அப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சித்தப்பா கடப்பாரையை ஓங்கினார்.

“அண்ணன்னு பாக்க மாட்டேன், மண்டையப் பொளந்துருவேன்!”

தாழி இருந்தால்தானே சண்டை? பாறாங்கல்லைத் தூக்கி அதன்மேல் போட்டேன். சிதறியது. எலும்புகளும் ஒரு சிவப்புப் பாசிமணியும்தான் இருந்தன. மணியை வாயில் ஒளித்தேன்.

“ஏட்டி, குடியக் கெடுத்திட்டியே!”

சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் ஒன்றுசேர்ந்து என்னை வெளுத்தார்கள். அலறியதில் மணி வயிற்றுக்குள் போனது.

மறுநாள் கருவேலங்காட்டில் குந்தி, குச்சியால் என் முதல் அகழாய்வை நடத்தினேன். மணி கிடைத்தது. ‘கண்டெடுத்த இடம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாததால், அருங்காட்சியகத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை.