எடை இறங்கியது, கொழுப்பு ஏறியது

போன தவக்காலத்தில் திண்டுக்கல்லில் நடந்தது இது. எங்களுக்குப் பாத்திரக் கடை. பழைய பித்தளையை எடைக்கு வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்கிற வியாபாரம் என்பதால், எடை பார்க்கிற எதைக் கண்டாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

அப்போது எனக்குச் சர்க்கரை வருகிற மாதிரி இருந்தது. உடம்புக் கொழுப்பைக் குறையுங்கள், ஈஸ்டர் முடிந்து ரத்தம் பார்த்துவிட்டு மாத்திரையை முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். மாத்திரை என்றாலே எனக்குப் பயம். உடனே பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்தேன்.

அங்கே பயிற்சி கொடுக்கும் பெண், ஒரு மெஷின்மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்வாள். எடையோடு, உடம்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்றும் அது காட்டும். சேர்ந்த அன்று சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தது; அப்புறம் வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் ஏறி நின்றேன். தவக்கால வெள்ளி என்றால் எனக்கு விரதம். ராத்திரி கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். காலி வயிறு என்றால் குறைவாகத்தானே காட்டும் என்று ஒரு கணக்கு.

எடை குறைந்தது. கொழுப்போ சேர்ந்த அன்றைக்கு இருந்ததைவிட ஏறிப்போயிருந்தது. அந்தப் பெண்ணும் குழம்பிப்போய், "எனக்கே புரியலக்கா. வேணும்னா புரோட்டீன் பவுடர் எடுத்துப் பாருங்களேன்" என்றாள். ஓகோ, சங்கதி அங்கேயா வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க, அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு ஜிம்மில் போய் ஏறி நின்றேன். அங்கேயும் அதே கதை. இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன். ஆனாலும் ஒருவேளை உண்மையாக இருந்தால் என்ற பயத்தில், ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். ஒருநாள் கடையில் அண்டாவைத் தூக்கும்போது கண் இருட்டி, வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள், ஜிம்மை விட்டு நிற்கிறேன் என்று சொல்லப் போனேன். கடைசியாக ஒரு தடவை மெஷின்மேல் ஏறி நில்லுங்கள் என்றாள். முந்தின நாள் பிரியாணி சாப்பிட்ட உடம்பு. கொழுப்போ நன்றாக இறங்கியிருந்தது.

"நான் நிக்கப் போறேன்னதும் மெஷினும் எறங்கி வருதாக்கும்?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "அக்கா, நெசத்தச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமையில தண்ணி குடிச்சுட்டுத்தான் வந்தீங்களா?"

ஒவ்வொரு வாரமும் இதைக் கேட்பாள். நானும் குடித்தேன் என்றே சொல்லியிருந்தேன். விரதத்தை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று கோயிலில் கேட்டே வளர்ந்தவள் நான். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது கொழுப்ப நேராப் பாக்காதுக்கா. உடம்புக்குள்ள லேசா கரண்ட விடும். தண்ணி இருந்தா அது சுளுவாப் போகும். நீங்க இம்புட்டு வறண்டு வந்தா தடைபடும். அதையும் கொழுப்புன்னு கணக்குப் போட்டுரும்."

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் குடித்துவிட்டு, அதே நேரத்துக்குப் போய் நின்று பார்த்தேன். குறைந்தது குறைந்ததுதான். ரத்தம் பார்த்த டாக்டரும் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்தேகப்படும் குணம் இன்னும் போகவில்லை. ஆனால் இல்லாத கொழுப்புக்குப் பயந்து பட்டினி கிடந்ததை நினைத்தால், உடம்பைப் பார்க்கிறவரிடம் உண்மையை மறைத்தால் வருகிற பதிலும் பொய்யாகத்தான் இருக்கும் என்பது உறைக்கிறது. அதனால் இந்த வருட விரதத்தை ஊருக்குச் சொல்லவில்லை, அவளிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.