வெல்வெட் அங்கியின் இடக்கை

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. நாடக அரங்கின் பின்புறத் தையல் அறைக்குள் அந்த உடை வடிவமைப்பாளர் முதன்முதலாக நுழைந்தபோது, பழந்துணி விற்க வந்தவர் என்றே கட்டிங் மாஸ்டர் நினைத்தார். தோளில் இரண்டு மூட்டை. கண்களைச் சுற்றிக் கருவளையம்.

“மாஸ்டர், முதல்ல உட்கார ஒரு இடம் கொடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

சாயத்தொட்டியை விட்டு அகலாததால் விரைவிலேயே அவர் எல்லோருக்கும் ‘சாயக்கா’ ஆனார். புதுத் துணியைத் தேயிலை நீரில் வேகவைத்து, முழங்கைப் பகுதியை உப்புத்தாளால் தேய்த்து, இருபது வருட வறுமையை ஒரே பிற்பகலில் வரவழைத்துவிடுவார். “வீட்ல கிழிஞ்சதைத் தைக்க நேரமில்ல, இங்க நல்லதைக் கிழிக்கச் சம்பளம்” என்று அலுத்துக்கொள்வார். வீட்டில் கணவர் படுத்த படுக்கை.

ஐந்தாம் ஆண்டில்தான், ஒரு ராணிக் கதைக்கு, நாடக அறிவிப்புத் தாளில் சாயக்காவின் பெயரை அச்சிட முதலாளி இசைந்தார். சரிபார்க்க வந்த அச்சுப்படியைச் சாயக்கா நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெல்வெட்டின் மயிர் ஒரே திசையில் படியும். ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டினால் ஒரே துணி இரு நிறமாகத் தெரியும். மாஸ்டருக்கு அது அரிச்சுவடிப் பாடம். ஆயினும் துணியை மிச்சம் பிடிக்கும் ஆசையில் ராணி அங்கியின் இடக்கையைத் தலைகீழாக வெட்டிவிட்டார். தையல் அறையின் மங்கல் வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. ஒத்திகையில் மேடை விளக்கு விழுந்ததும், அந்தக் கை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் வெளிறித் தெரிந்தது.

“எவன் பார்த்த வேலை இது?” முதலாளி கத்தினார். இன்னொரு தவறு நடந்தால் வேலை போய்விடும் என்று போன மாதம்தான் அவர் மாஸ்டரை எச்சரித்திருந்தார்.

“நான்தான் சார் அப்படி வெட்டச் சொன்னேன்” என்றார் சாயக்கா, நின்றபடியே தூங்குபவரின் குரலில்.

“பெரிய டிசைனராம்! துணிக்குத் தலை எது, கால் எதுன்னு தெரியல. இவங்களுக்குப் பேரு ஒரு கேடா? நோட்டீஸ்லேருந்து அதை எடுத்துடுங்கய்யா!”

படிக்கட்டில் மாஸ்டர் சாயக்காவை மறித்தார். “அக்கா, நாளைக்கே உண்மையைச் சொல்லிடறேன்.”

“உங்க வீட்ல மூணு பொண்ணுங்க சாப்பிடணும். அந்தக் கையை மூட ஒரு மேல்துண்டு தைக்கணும். கத்தரியை எடுங்க மாஸ்டர், கால் வலிக்குது.”

நாளை வந்தது, மறுநாளும் வந்தது. மாஸ்டர் வாய் திறக்கவில்லை. அதன்பின் ஒன்பது ஆண்டுகள், பெயர் அச்சேறாமலேயே, மாஸ்டர் வெட்டித் தந்த துணிகளுக்குச் சாயக்கா சாயமேற்றினார். ஒவ்வொரு புதிய அறிவிப்புத் தாள் வரும்போதும் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். “என்ன மாஸ்டர், சொன்னீங்களா?” என்று சாயக்கா ஒருநாளும் கேட்கவில்லை.