ஒரே சஹனில் சாப்பிட்டவர்கள்

போன வாரம் எங்கள் கட்டடத்தில் ஒரு நிக்காஹ். மலேசியாவிலிருந்து மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ரங்கூன் தமிழ் முஸ்லிம்களைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதி எழுதிச் சலிக்க வைத்துவிட்டேனே... வெளியூர்க்காரர் வாயில் தமிழைக் கேட்டால் போதும், சோறு போடாமல் விட மாட்டோம். எல்லா மாடியிலும் போட்டி போட்டுக்கொண்டு விருந்துக்கு இழுத்தார்கள்.

மூன்றாம் மாடி மைமூன் லாத்தா வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது.

வந்தவர்களில் ஒரு பெரியவர் படியிறங்கும்போது என்னிடம் கேட்டார் - அந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கருமியோ? எனக்கு வந்ததே கோபம். கல்யாண வீடாச்சே என்று வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், காரணம் போகப் போகப் புரியும்.

மைமூன் லாத்தாவுக்கு - அக்காவை லாத்தா, அண்ணனைக் காக்கா என்போம் - ஒரே மகன், யூசுப். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பர்மியப் பெயர். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான், வெளியே ஒன்று, வீட்டில் ஒன்று. பையன் கோல்கீப்பர். போட்டாதாங் ஜெட்டிப் பக்கம் அவன் வாப்பா காதர் காக்காவுக்குக் கயிற்றுக்கடை. அந்தக் கடைக்கு எதிரே, சரக்கு லாரிகளுக்கு நடுவே தாவித் தாவிப் பழகியவன்.

சில வருஷங்களுக்கு முன், அக்கம்பக்கத்து நாடுகளின் இளைஞர் அணிகளுக்கு ஒரு புட்பால் போட்டி இங்கே ரங்கூனில் நடந்தது. எங்கள் நாட்டு அணிக்குக் கோல் காக்க யூசுப்பை எடுத்தார்கள். அது என்ன சாதாரண விஷயமா? எங்களில் பலருக்கு இன்னும் முழுக் குடியுரிமை அட்டையே கிடையாது. அந்த அணியில் நிலைத்துவிட்டால் ஒரு அரசாங்க வேலை கிடைக்கும். 'கலா' என்று - இந்திய முகம் உள்ளவர்களை இங்கே இளக்காரமாகக் கூப்பிடும் சொல் - அவனை எவனும் கூப்பிட மாட்டான். அந்த வீட்டுக்கு அந்த ஒரு இடம்தான் எல்லாம்.

பையன் பிரமாதமாக ஆடினான். அணி அரையிறுதிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலேசியாவுடன் ஆட்டம்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்காக அணியின் பயிற்சி முகாமில் யூசுப்புக்குக் கொஞ்ச நேரம் அனுமதி கொடுத்தார்கள். வாப்பாவோடு பள்ளிவாசலுக்குப் போனால், அங்கே தொழ வந்திருந்தார்கள் மலேசிய அணிப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் ரஃபீக், அவர்களுடைய ஸ்ட்ரைக்கர். அசல் தமிழ்ப் பையன்.

காதர் காக்கா என்ன செய்வார்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்று பேரையும் இரண்டு சைக்கா ரிக்‌ஷாக்களில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை என்றால் லாத்தா வீட்டில் நெய்ச்சோறு எப்படியும் உண்டு. பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து நாலைந்து பேர் ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அதற்கு சஹன் என்று பெயர். விருந்தாளிக்குத் தனித்தட்டு வைத்தால்தான் அவமரியாதை. ஒரே சஹனில் காதர் காக்கா, யூசுப், அந்த இரண்டு பையன்கள். அடுத்த பாயில் நான்.

எதிரணி என்று யாருக்குமே தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள். தோன்றியது. எதிரணி என்றால் சாப்பிடக் கூடாதா என்ன?

யூசுப்புக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது பர்மியப் பேச்சுதான். லாத்தா நடுவில் நின்று அவன் பேசியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே கறியை அள்ளி அள்ளி வைத்தார். இவ்வளவு தின்றால் ஞாயிற்றுக்கிழமை எப்படி ஓடுவது மாமி என்று ரஃபீக் கேட்டான். ஜன்னலில் எட்டிப் பார்த்த எதிர்வீட்டார் வரைக்கும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. இரண்டாம் பாதியில் ரஃபீக் அடித்த பந்து, சோப்புக்கட்டி மாதிரி யூசுப்பின் கையிலிருந்து வழுக்கி உள்ளே போனது. ஒரு கோல்.

கோல் அடித்தவன் ஓடுவான், குதிப்பான். ரஃபீக் அதெல்லாம் செய்யவில்லை. சேற்றில் கிடந்த யூசுப்பிடம் வந்தான், கைகொடுத்துத் தூக்கினான், கட்டிப்பிடித்துக்கொண்டான். உண்ட வீட்டுக்கு அந்தப் பிள்ளையால் முடிந்த மரியாதை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் நிதானமாகச் சொன்னான், "கலாவுக்குக் கலா."

அந்த ஒரு கோலில் தோற்றோம்.

வேண்டுமென்றே கோலை விட்டுக்கொடுத்தானா என்று மறுநாள் யூசுப்பை விசாரித்தார்கள். யார் விசாரித்தார்கள் என்று எழுத மாட்டேன் - நான் இன்னும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது யார்? எதற்கு? ஒரே தட்டிலா சாப்பிட்டீர்கள்? அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். எதிரியின் கையும் உன் கையும் ஒரே தட்டிலா? என்ன பேசிக்கொண்டீர்கள்?

கறி நன்றாக இருக்கிறது என்று ரஃபீக் சொன்னான், அவ்வளவுதான் என்று இவன் பதில் சொன்னான். உண்மையும் அதுதான். யார் நம்புவார்கள்? வீட்டுக்கும் வந்தார்கள். ரஃபீக் கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்துத் தேடினார்கள். பிஸ்கட்தான் இருந்தது. லாத்தா அந்த சஹனை எடுத்துக் காட்டி, எங்கள் வழக்கம் இது என்று விளக்கப் பார்த்தார். பாவம், அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பயிற்சியாளர் நல்ல பர்மியர். பந்து நனைந்திருந்தது, எந்தக் கீப்பருக்கும் வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த சீசனில் அவரும் இல்லை.

குற்றம் என்று யாரும் அறிவிக்கவில்லை. தண்டனையும் இல்லை. முகாமிலிருந்து கூப்பிடவே இல்லை, அவ்வளவுதான். தெருவில் விளையாடப் போனால்கூட, இன்றைக்கு யார் வீட்டில் சாப்பாடு என்று கேட்டார்கள். பையன் கையுறையைக் கழற்றி வைத்தான். கொஞ்ச நாளில் தாய்லாந்து எல்லை தாண்டி, அங்கிருந்து எப்படியோ மலேசியாவுக்கே போய்ச் சேர்ந்தான். ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறானாம். காகிதம் கிடையாது, போலீஸுக்குப் பயந்து வெளியே தலைகாட்டுவதில்லை. போன் வந்தே பல மாசம் ஆகிறது.

காதர் காக்கா ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார்: "நான் கூப்புட்டது தப்பா, தம்பி?"

இல்லை காக்கா என்றேன். வேறு என்ன சொல்வது? அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெளியாள் யாரும் கை நனைத்ததில்லை.

இதுதான் அந்தச் சாத்திய கதவின் கதை. ஆனால் போன வாரம் அது திறந்தது.

மலேசியாக்காரர்கள் கிளம்பும் நாள். கருமி என்று கேட்டாரே, அதே பெரியவர் பெட்டியோடு படியிறங்கினார். கூட நான். மூன்றாம் மாடியில் லாத்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எத்தனை நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாரோ, ஒரே மூச்சில் சொன்னார்.

"எம் மவன் ஒங்க ஊர்லதான் இருக்கான், காக்கா. ஒரு வெள்ளிக்கெழம வூட்டுக்குக் கூப்புட்டு, ஒங்க புள்ளைங்களோட ஒரே சஹன்ல ஒக்கார வச்சு அவனுக்குச் சோறு போடுங்க."

பெரியவர் அதற்கென்ன, தாராளமாய் என்று தலையாட்டினார். வேன் கிளம்பிவிட்டது.

பையன் இருக்கும் இடம் எது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.