ஈஸ்வரனுக்குள் ஒரு வரன்

எங்கள் வீட்டுக் கணினியில் விளம்பரம் வராது. எங்கள் ஊரான அரிமளத்தில் இதைக் கேட்டு வியக்க ஆள் இல்லாததால் நானே அவ்வப்போது வியந்துகொள்வேன்.

சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பகல் முழுக்க பிரவுசரில்தான் குடியிருப்பு. எல்லோரையும் போல நானும் ஒரு விளம்பரத் தடுப்பானைப் போட்டு வைத்திருந்தேன். அது முக்கால்வாசியை விரட்டிவிடும். மிச்சத்தை விரட்டுவதற்கு அதற்குள்ளேயே ஒரு பக்கம் உண்டு. வெறும் வெள்ளைப் பக்கம். அதில் நமக்கு வேண்டிய விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். தளத்தின் முகவரி, பிறகு இரண்டு ஹேஷ் குறி, பிறகு எந்தப் பெட்டி கண்ணில் படக்கூடாதோ அதன் அடையாளம். ஒரே வரிதான். சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தால் அந்தப் பெட்டி இருந்த சுவடே இருக்காது.

முதலில் எழுதியது, பச்சை நிறத்தில் வந்து ஏமாற்றும் போலி டவுன்லோட் பொத்தானுக்கு எதிராக. அடுத்து, மூலையில் எட்டிப் பார்த்து "உங்களுக்கு உதவட்டுமா?" என்று கேட்கும் பெட்டிக்கு எதிராக. அப்புறம் கை நிற்கவில்லை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டே சம்பளம் வாங்குகிற, முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகாத ஒருத்திக்கு, சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்கிற ஒன்று கிடைத்தது சின்ன விஷயமில்லை.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலை முடிந்ததும் சாயங்காலம் நாற்காலி அவருக்கு. போனில் எழுத்து பொடிசாக இருக்கிறது என்று கணினியில்தான் செய்தி படிப்பார். புதுக்கோட்டை பக்கத்துச் செய்திகளைப் போடும் ஒரு தளம். ஊர்க்கூட்டம், விபத்து, மழை, திருவிழா எல்லாம் பெட்டி பெட்டியாகக் கீழே கீழே வரும். நடுநடுவே அதே அளவில், அதே எழுத்தில் ஒரு விளம்பரமும் வரும். "உங்கள் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லையா?"

முதல் தடவை பார்த்தபோது அப்பா திடுக்கிட்டுப் போனார்.

"நம்ம வீட்டு விசயம் இவனுக்கு எப்புடிம்மா தெரியும்?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள். "ஒங்க தங்கச்சி சொல்லியிருப்பா. அவளுக்குத்தான் வாய் நிக்காதே."

உண்மையில், நான் ஊரில் இல்லாத ஒரு நாள் அம்மாவே என் கணினியில் உட்கார்ந்து வரன் தேடியதன் பலன் அது. சொன்னால் அத்தைக்கு நியாயம் கிடைக்கும், வீட்டில் வேறு சண்டை கிளம்பும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. விளம்பரம் வருவதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது வந்ததும் அப்பா படிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். அதற்கு ஒரு விதி தேவைப்பட்டது.

அந்தத் தளத்துக்காரர்கள் விவரமானவர்கள். பெட்டியின் அடையாளத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். நேற்று எழுதிய விதி இன்று செல்லாது. நான் ரொம்ப நேரம் தேடி வேறு வழி கண்டுபிடித்தேன். அடையாளத்தை விட்டுவிட்டு, ஒரு சொல்லைக் கொடுத்து, "இந்தச் சொல் உள்ள பெட்டி எதுவானாலும் மறை" என்று சொல்லலாம். "வரன்" என்று எழுதினேன். போய்விட்டது. கையோடு கையாக "கடன்" என்று இன்னொன்று எழுதி, அவசரக் கடன் ஆப்களையும் அனுப்பி வைத்தேன். அப்பா அன்றைக்குச் செய்தியைப் பெருமூச்சில்லாமல் படித்து முடித்தார்.

அப்பாவோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் டிரைவராக இருந்த ஒருவர் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது "ஈஸ்வரன்" என்று முடியும் என்பது தெரிந்தால் போதும். இரண்டு பேரும் சிநேகிதர்கள்தான். ஆனால் வண்டியை ஓட்டியது யார் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. தன் விசில் இல்லாமல் வண்டி ஒரு அடி நகர்ந்ததில்லை என்பது அப்பாவின் கட்சி.

ஓய்வு பெற்றபின் டிரைவர் மாமாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஊருணிக்குள் காடாக மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டப் போகிறேன் என்று கிளம்பினார். அப்பாவையும் கூப்பிட்டார். "அது பஞ்சாயத்து பாக்க வேண்டிய வேலை, ஒனக்கு எதுக்கு வெட்டி வேலை?" என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா நாலைந்து பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்ட ஆரம்பித்தார். கூட்டம் கூடியது. யாரோ மண் அள்ளும் வண்டி கொடுத்தார்கள்.

ஒரு நாள் டீக்கடையிலிருந்து அப்பா முகம் சிவந்து வந்தார்.

"டிரைவரப் பத்தி நியூஸ்ல வந்திருக்காம். போட்டோவோட. ஆளாளுக்குக் கத விடுறானுங்க. நான் தெனம் ஒரு எழுத்து விடாம படிக்கிறேன், அப்புடி ஒண்ணும் வரலன்னு சொன்னா சிரிக்கிறானுங்க."

"போன்ல காட்டலையாப்பா?"

"காட்டுனானுங்க. போன்ல வர்றதெல்லாம் நியூஸா? யாரு வேணும்னாலும் எதையும் போட்டுறலாம். நம்ம கம்ப்யூட்டர்ல வந்திருக்கா? வரல."

விளம்பரம் இல்லாத கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். நான் என் போனை எடுத்து அந்தத் தளத்தைத் திறந்தேன். மேலேயே இருந்தது. ஊருணிக்குள் அரிவாளோடு டிரைவர் மாமா. தலைப்பில் அவர் முழுப்பெயர். கணினியில் அதே பக்கத்தில், மழைச் செய்திக்கு அடுத்து நேராக ஆடு திருட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கணினிக்குச் சொல்லும் தெரியாது, பொருளும் தெரியாது. வ, ர, ன் என்ற மூன்று எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் அதற்குப் போதும். ஈஸ்வரனுக்குள் ஒரு வரன் இருக்கிறான். என் ஒரு வரியால் எங்கள் வீட்டில் டிரைவர் மாமா மட்டுமல்ல, மாவட்டத்திலுள்ள மகேஸ்வரன், ராஜேஸ்வரன், பரமேஸ்வரன் எல்லோரும் காணாமல் போயிருந்தார்கள். அந்த வருஷம் நம்ம பக்கத்துக் கோயில்களில் காவடி, பால்குடம் பற்றியெல்லாம் செய்தியே வரவில்லையே என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்ததற்கும் அப்போது விடை கிடைத்தது. நேர்த்திக்கடனுக்குள் கடன் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். மாமா பெயரைக் காகிதத்தில் எழுதி, முன்பாதியை விரலால் மறைத்துக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அவன் பேரு வந்தா நம்மளுக்குத் தெரியாது?"

"தெரியாதுப்பா. ஒரு நிமிசம் இருங்க, சரி பண்ணிடுறேன்."

"ஒனக்கு ஆபீஸ் வேலை கெடக்கும்ல. அவசரமில்ல, மெதுவாப் பாக்கலாம்."

அவசரமே இல்லை என்பதை அடுத்த சில வாரங்களில் புரிந்துகொண்டேன். ஊருணி வேலை வளர்ந்துகொண்டே போனது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். என் போனில் டிரைவர் மாமா அடிக்கடி தென்பட்டார். எங்கள் கணினியில் ஊருணியே இல்லை. அப்பா நிம்மதியாக ஆடு திருட்டைப் படித்தார். கோயில் செய்திகளை மட்டும் அம்மாவுக்காகத் திரும்ப வரவைத்தேன். "அது சாமி விசயம், அத வர விட்டுரு. இத அப்புறம் பாரு" என்று அப்பா சொன்னார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் மாமாவே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் சுண்டல் பொட்டலம்.

"என்ன கண்டக்டரே, ஆளையே காணோம்? ஏம்மா, ஒங்க கம்ப்யூட்டர்ல நம்ம போட்டோவப் பெருசாக் காட்டேன். போன்ல தலை மட்டும்தான் தெரியுது."

அப்பா சட்டென்று எழுந்தார். "நெட்டு வேல செய்யல."

சொல்லி வாய் மூடவில்லை, என் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் டிங் என்று வந்து விழுந்தது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தளத்தைத் திறந்தேன். மழை. ஆடு. பஸ் கட்டண அறிவிப்பு. மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"எங்கேம்மா? காலையில பாத்தேனே. தூக்கிட்டானுங்களா?"

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தடுப்பானை மொத்தமாக அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். மாமா வந்தார். அவரோடு முழங்கால் வலித் தைலமும், கடன் ஆப்பும், நகைக்கடையும், குதித்துக்கொண்டே ஒரு குளியலறை டைல்ஸும் வந்தன. அதற்கு நடுவில், "உங்கள் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லையா?"

மாமா தன் படத்தை ரசித்துப் பார்த்தார். அப்புறம், "மொதல்ல ஏன் வரல?" என்று கேட்டார். நான் விதியைச் சொன்னேன். வரனை மறைக்கப்போய் அவர் மறைந்த கதையைச் சொன்னேன். அப்பாவுக்கு இது முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். அதை அம்மா சொன்னாள். சுண்டலைத் தட்டில் போட்டுக்கொண்டே, "இவருதான் அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு" என்றாள்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா டைல்ஸைப் பார்த்தார்.

"என்னைய எறக்கி விட்டுட்டு வண்டிய எடுத்துட்டீகளா கண்டக்டரே?" என்று கேட்டுவிட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கோபப்பட்டிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பா சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சிரித்து முடித்த மாமா திரையைத் திரும்பப் பார்த்தார். "விளம்பரத்துல எதுக்குத் தேடுறீக? என் சகலை மகன் ஒருத்தன் துபாயில இருக்கான். அறந்தாங்கில சொந்த வீடு. நல்ல பையன்."

அம்மா தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் வந்ததை ஒரு வரியில் நிறுத்திவிட்டேன். நாற்காலியில் வந்து உட்கார்ந்ததை நிறுத்த அந்த வெள்ளைப் பக்கத்தில் இடமில்லை.

அந்தப் பையனோடு வீடியோவில் பேசினேன். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். யாராவது கேட்டால் புத்தகம் படிப்பேன் என்று சொல்வதுதான் வழக்கம். அன்று என்னவோ, விளம்பரங்களுக்கு விதி எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கால்பந்து பார்க்கும் தளத்தில் ஆட்டத்தின்மேல் ஒரு பெட்டி வந்து நிற்கிறதாம். திரையைப் பகிரச் சொல்லி, அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பெட்டி மறைந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் உண்மையானது. எங்கள் வீட்டாரும், பெண் பார்க்க வந்திருந்த அவர் வீட்டாரும் கதவுக்கு வெளியே காத்திருந்து, "ரொம்ப நேரமாப் பேசுதுக" என்று பூரித்துப் போனார்கள். கடைசியில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு நாள் மனசு ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவர் இப்போதும் எப்போதாவது செய்தி அனுப்புகிறார். பெட்டி இடம் மாறி வந்துவிட்டதாம்.

அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா, அங்கிட்டு ஒரு எட்டு போயிட்டு வாரேன்" என்றார். மத்தியானம் கை முழுக்க முள் கீறலோடு வந்தார். டிரைவருக்கு ஆளை வேலை வாங்கத் தெரியவில்லை, எல்லாரும் ஒரே மூலையில் போய் நிற்கிறார்கள், தான் போய்த்தான் வரிசைப்படுத்த வேண்டியிருந்தது என்று சொன்னார். அதற்கடுத்த வாரமும் போனார். பஞ்சாயத்து பார்க்க வேண்டிய வேலை என்ற பேச்சு அதோடு நின்றது.

ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்தது. தளத்தில் பெரிய படமாகப் போட்டார்கள். "வரன்" விதியை நான் முன்பே "வரன் அமையவில்லையா" என்று நீட்டித் திருத்தியிருந்ததால் எங்கள் கணினியிலும் வந்தது. தண்ணீரை ஒட்டி எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் டிரைவர் மாமா. வலது ஓரத்தில், கீழ்மூலையில், அப்பா.

சரியாக அந்தக் கீழ்மூலையில்தான் அந்தத் தளம் தன் மிதக்கும் விளம்பரத்தை வைத்திருந்தது. முழங்கால் வலித் தைலம். படத்தோடு ஒட்டி வந்தது. மூடுவதற்குப் பெருக்கல் குறிகூட இல்லை. அப்பாவின் செருப்பும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன.

இரண்டு விதி வீணாய்ப் போய், மூன்றாவது பிடித்தது. தைலம் மறைந்தது. காக்கிச் சட்டையில், மார்பை நிமிர்த்திக்கொண்டு, அப்பா. நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"எல்லாப் பய போன்லயும் எம்மேல தைலந்தான் நிக்கிது. டிரைவரு மட்டும் பளிச்சுன்னு இருக்கான்."

"அவங்கவங்க போன்லயும் இத எழுதணும்ப்பா. வேணும்னா நான் வந்து எழுதித் தரவா?"

அப்பா யோசித்தார். டீக்கடைக்கு வரும் ஆட்களை மனசுக்குள் எண்ணிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"வேணாம் விடு ஆத்தா" என்றார். "நம்ம வீட்டுல தெரியிறேன்ல."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னார்.