சிவப்பு முனை

இடித்த வீட்டுச் சாமான்களை வாங்கி விற்பதுதான் ராஜபாளையம் பக்கீர் முகமதுவுக்கு முப்பது வருடத் தொழில். செங்கல், நிலை, ஜன்னல், கம்பி எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால் தீயில் வெந்த கம்பியை மட்டும் அவர் நம்ப மாட்டார். அதன் ஒரு முனையில் ஒரு சாணுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, "இது வேலிக்கு மட்டுந்தான். மாடித் தளத்துல போட்டா ஆளைக் கொன்னுரும்" என்று சொல்லித்தான் கொடுப்பார். முழுக்க அடித்தால் பெயிண்ட் வீண் என்பார்.

போன வருடம் தீப்பிடித்த ஒரு குடோனின் கம்பிகளை, வேலி போட வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் மொத்தமாக வாங்கிப் போனார். எதையும் வீணாக்காத ஆள் என்று மருமகனின் வீட்டைக் கட்டவும் பக்கீரே அவரைச் சிபாரிசு செய்தார்.

இன்று வன்னியம்பட்டியில் அந்தப் புது வீட்டின் மொட்டைமாடியில் விருந்து. பக்கீர் வழக்கம்போல முதலில் கொல்லைப்புறம் போனார். கட்டியவர்கள் எறிந்துவிட்டுப் போன கம்பித் துண்டுகளைச் சாக்கில் அள்ளக் குனிந்தார்.

எல்லாம் ஒரு சாண் துண்டுகள். எல்லாம் சிவப்பு.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். வீட்டுக்கு எந்தப் பக்கமும் வேலி இல்லை.

தலைக்கு மேலே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. மகள் சப்ரீன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தா, இன்னைக்குமா பொறுக்கணும்? மேல வாங்க. அம்புட்டுப் பேரும் உக்காந்தாச்சு."